ஈறு நோய்க்குச் சிகிச்சை: பாக்டீரியாவின் குடியிருப்பைக் கலைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல் துலக்கித் துப்பும்போது சிவப்பு தெரிந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் பேஸ்டை மாற்றுகிறார்கள். அப்புறம் மவுத்வாஷ். வீக்கம் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி நாலு நாளைக்கு மாத்திரை. பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பல் டாக்டர். ஈறு சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத் துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த வரிசையைத் தினமும் கேட்கிறேன்.

ஈறு நோயில் பலன் தரும் வரிசை வேறு. முதலில் அளவெடுக்க வேண்டும். பிறகு கையைப் பழக்க வேண்டும். அதன் பிறகு கருவியால் சுத்தம், தேவைப்பட்டால் மட்டும் மருந்து, கடைசியில் மறுபடி அளவு. பாக்டீரியா எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் இந்த வரிசைக்கான காரணம் தானே விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. பாக்டீரியா எங்கே, எப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நன்றாகத் துலக்கிய பல்லிலும் சில நிமிடங்களில் எச்சிலில் உள்ள புரதங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அந்தப் பூச்சில் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் வகைகள். இவை ஆரோக்கியமான வாயிலும் இருப்பவை, பெரிய கெடுதல் செய்யாதவை. துலக்காமல் விட்டால் இவற்றின் மேல் அடுத்த அடுக்கு ஏறும். ஃபியூசோபாக்டீரியம் என்ற நீளமான பாக்டீரியா, முதலில் வந்தவற்றையும் பின்னால் வருபவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு குடியேறும் மூன்றுதான் ஈறு டாக்டர்கள் கவலைப்படும் கூட்டம்: போர்பைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா.

இவை தனித்தனியாக எச்சிலில் மிதந்துகொண்டிருப்பதில்லை. தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகப் புதைந்திருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழுவழுப்பாகப் படிந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மருந்து கலந்தாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். பல்லில் படியும் படலமும் அதே இனம். அதனால்தான் கொப்பளிப்பதும் மாத்திரையும் முதல் படியாக இருக்க முடியாது.

கடைசியில் வரும் கூட்டத்துக்கு ஆக்சிஜன் ஆகாது. எனவே ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில், கீழே போய்த் தங்கும். அதிலும் போர்பைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் சர்க்கரையை நம்பி வாழ்வதில்லை. புரதத்தைச் சிதைத்துத் தின்னும், ரத்தத்தில் இருக்கும் இரும்புச்சத்து அதற்கு அவசியம். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் அதற்குத் தேவையான தீனி இருந்த இடத்துக்கே வந்துவிடுகிறது. ரத்தம் வர வர அது பெருகும், பெருகப் பெருக இன்னும் ரத்தம் வரும்.

எலும்பு கரைவது வேறு கணக்கு. பாக்டீரியா அதை நேரடியாகத் தின்பதில்லை. விடாமல் தொல்லை தரும் இந்தக் கூட்டத்தை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் அழற்சிதான் பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் கரைக்கிறது. ஒரே அளவு அழுக்கு இருந்தும் ஒருவருக்கு ஈறு வீக்கத்தோடு நிற்பதும், இன்னொருவருக்கு நாற்பது வயதிலேயே பல் ஆடுவதும் இதனால்தான். சர்க்கரை நோயும் புகையும் இங்கேதான் நுழைகின்றன.

2. உங்களுக்கு இருப்பது எந்தக் கட்டம்?

ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வருவது முதல் கட்டம். இது முழுதாகத் திரும்பக்கூடியது. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் ஆரோக்கியமான ஈறு உள்ளவர்களைத் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கியது.

இரண்டாவது கட்டத்தில் எலும்பும் குறைந்திருக்கும். போன எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. நோயை அங்கேயே நிறுத்துவதுதான் சிகிச்சையின் இலக்கு. ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுவது, அழுத்தினால் சீழ், போகாத வாய் நாற்றம், பல் ஆட்டம் எல்லாம் இதன் அறிகுறிகள். வலி பெரும்பாலும் இருக்காது. 'வலி இல்லையே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டதில்தான் நான் பார்த்த பலருக்குப் பல் போயிருக்கிறது.

புகை பிடிப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் உள்ளே நோய் இருந்தும் ரத்தம் குறைவாகத்தான் வரும். வெளியே நன்றாக இருப்பதுபோல் தெரியும்.

3. டாக்டரிடம் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டையும், முடிந்தால் மாத்திரை அட்டையையே, கொண்டுபோங்கள். 'பிரஷர் மாத்திரை' என்று மட்டும் சொன்னால் போதாது. அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டோயினும், உறுப்பு மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரினும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்த ஈறுக்கு அடியில் படலம் சுலபமாகச் சேரும். அதற்காக மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மாற்ற முடியுமா என்பதைப் பல் டாக்டர் உங்கள் பொது மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வார்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், ஏற்கெனவே இதய உள்சுவரில் தொற்று வந்தவர்கள் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஈறைக் கிளறும்போது பாக்டீரியா சற்று நேரம் ரத்தத்தில் கலக்கும். வால்வு மாற்றியவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால் சுத்தம் செய்வதற்கு முன்பே ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் தருவார்கள்.

சர்க்கரை இருந்தால் சமீபத்திய ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் அவசியம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது. ஈறு அழற்சி அடங்காவிட்டால் சர்க்கரையும் கட்டுப்பட மறுக்கும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை டாக்டரிடம் ஈறையும், பல் டாக்டரிடம் சர்க்கரையையும் பேசுங்கள்.

கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஈறு சுத்தம் செய்யக் கூடாது என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். நடு மூன்று மாதங்களில் செய்துகொள்வது வசதியானது, பாதுகாப்பானது.

4. அளந்து பார்க்கச் சொல்லுங்கள்

கண்ணால் பார்த்து மட்டும் ஈறு நோயைக் கணிக்க முடியாது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு, புரோப் என்பார்கள். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. 4 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் அதை 'பாக்கெட்' என்பார்கள்.

இந்த எண் ஏன் முக்கியம்? பிரஷ் நார் ஈறுக்கு அடியில் ஏறக்குறைய 1 மி.மீ. தான் இறங்கும். 5 மி.மீ. பாக்கெட்டின் அடியில் இருக்கும் பாக்டீரியாவை நீங்கள் எவ்வளவு அழுத்தித் துலக்கினாலும் தொட முடியாது. அது டாக்டரின் கருவிக்கான இடம். எது உங்கள் வேலை, எது டாக்டர் வேலை என்று பிரிப்பது இந்த அளவுதான்.

எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். அளவு எழுதிய தாளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட வேறு ஆதாரம் கிடையாது. அளக்காமலே 'ஒரு கிளீனிங் போட்டுவிடலாம்' என்றால், 'பாக்கெட் அளவு எவ்வளவு டாக்டர்?' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

5. முதலில் கையைப் பழக்குங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். கிளீனிங் முடிந்த பிறகு ஒழுங்காகத் துலக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் சுத்தம் செய்த பல்லில் படலம் அன்றைக்கே திரும்பப் படிய ஆரம்பிக்கும். கை பழகாதவருக்குச் செய்த கிளீனிங் வீணாகப் போகும். முன்பே பழகிவிட்டால் இன்னொரு லாபம்: ஈறின் மேல்வீக்கம் வடிந்து, ஆழமாகச் சுத்தம் செய்யும் நாளில் ரத்தம் குறைவாக வரும், டாக்டருக்கும் அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும்.

மென்மையான நார் கொண்ட, தலை சிறிய பிரஷ் எடுங்கள். நார் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி, ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அழுத்தாமல், இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவாகப் பத்து எண்ணும்வரை ஆட்டுங்கள். பிறகு கடிக்கும் பக்கம் நோக்கி வழித்து எடுங்கள். இரண்டு மூன்று பல்லாக நகர்ந்து போங்கள். மொத்தம் இரண்டு நிமிடமாவது ஆகும். பிரஷைப் பேனா பிடிப்பதுபோல் விரலால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

எங்கே தவறுகிறது என்றால், கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அதுதான். எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே இருக்கும் படலத்தை முதலில் கெட்டியாக்கிக் காரையாக மாற்றும். கைக்கண்ணாடியைப் பிடித்து அந்த உட்புறத்தைப் பாருங்கள். பற்களுக்கு நடுவே மஞ்சளாக, நகத்தால் சுரண்டினால் வராமல் ஒட்டியிருப்பது காரை. பிரஷைச் செங்குத்தாகப் பிடித்து, முனை நாரை மட்டும் வைத்து ஒவ்வொரு பல்லாகத் துலக்குங்கள். அதே மாதிரி இன்னொரு இடம் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம். வாயைப் பெரிதாகத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் நுழையாது. பாதி மூடிக்கொண்டு துலக்குங்கள்.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தப்பு. 'புண்ணாக இருக்கு, தொட வேண்டாம்' என்று ஒதுக்குகிறார்கள். ரத்தம் வருவதே அங்கே படலம் இருப்பதால்தான். ஒதுக்கினால் அது இன்னும் வளரும். மென்மையாக, ஆனால் விடாமல் அங்கேயும் துலக்குங்கள். வீக்கம் ஈறோடு மட்டும் இருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தம் குறைவது உங்களுக்கே தெரியும். குறையவே இல்லை என்றால் அடியில் காரையோ பாக்கெட்டோ இருக்கிறது என்று அர்த்தம்.

சாம்பல், செங்கல் பொடி, உப்பு, கரி வேண்டவே வேண்டாம். இவை படலத்தோடு பல்லையும் தேய்க்கும். புகையிலை கலந்த பல்பொடி அதைவிட மோசம்.

6. பல் இடுக்கை மறக்காதீர்கள்

ஈறு நோய் பெரும்பாலும் இரண்டு பல்லுக்கு நடுவில்தான் தொடங்கும். பிரஷ் அங்கே போகாது. எலும்பு குறைந்து இடைவெளி விழுந்தவர்களுக்கு இடுக்கு பிரஷ்தான் நல்லது. பாட்டில் கழுவும் பிரஷின் வடிவத்தில் பொடிப்பொடியாக, பல அளவுகளில் கிடைக்கும். லேசாக உரசிக்கொண்டு போகும் அளவைத் தேர்ந்தெடுங்கள். திணிக்க வேண்டியிருந்தால் பெரிது, தொடாமல் போய்வந்தால் சிறிது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது சகஜம்.

பற்கள் நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல். ஊசி, பின், துடைப்பக் குச்சி கூடாது. இரவு படுக்கும் முன் ஒரு முறை செய்தால் போதும்.

7. மேல் சுத்தம், பிறகு ஆழச் சுத்தம்

ஈறு விளிம்புக்கு மேலே இருக்கும் காரையை எடுப்பது ஸ்கேலிங். நீர் தெளித்துக்கொண்டே அதிரும் கருவியால் செய்வார்கள். காரை கரடுமுரடானது, அதன் மேல் புதிய படலம் சுலபமாக ஒட்டும். காரையே நோய் இல்லை, பாக்டீரியாவுக்கு அது இருப்பிடம். அதனால்தான் எடுக்கிறோம்.

4 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள பாக்கெட்டுகளுக்கு அடுத்த படி உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்ப்பரப்பிலுள்ள படலத்தையும் காரையையும் சுத்தம் செய்வார்கள். ரூட் பிளேனிங், டீப் கிளீனிங் என்றெல்லாம் சொல்வார்கள். வாயை நாலு பகுதியாகப் பிரித்துச் சில தடவைகளில் செய்யலாம், அடுத்தடுத்து ஒரே மூச்சிலும் முடிக்கலாம். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதியில் நிறுத்திவிடாமல் முடிப்பதுதான் முக்கியம்.

ஸ்கேலிங் செய்தால் பல் தளர்ந்துவிடும், இடைவெளி விழும் என்று பயந்து வராதவர்கள் ஏராளம். நடப்பது இதுதான்: எலும்பு ஏற்கெனவே குறைந்திருந்தது, காரை பற்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருந்தது, வீங்கிய ஈறு இடைவெளியை மூடியிருந்தது. காரையை எடுத்து வீக்கம் வடிந்ததும் இருந்த சேதம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் காரையை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் குறையும்.

8. மருந்து எங்கே பொருந்தும்

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்து, ஆனால் துணை மருந்து. 0.2 சதவீதக் கரைசல் என்றால் 10 மி.லி. எடுத்து, ஒரு நிமிடம், தினம் இரண்டு வேளை. இரண்டு வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் தொடராதீர்கள். பல்லில் பழுப்புக் கறை படியும், ருசியும் மாறும். பேஸ்டில் உள்ள நுரைப் பொருள் இதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் துலக்கியதும் உடனே கொப்பளிக்க வேண்டாம், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். பாக்கெட்டின் அடிவரை இது போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாத்திரை ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையில்லை. பசைக்குள் புதைந்த பாக்டீரியாவைக் கொல்ல, மிதக்கும் பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதைப்போலப் பல மடங்கு மருந்து வேண்டும். அவ்வளவு மாத்திரையால் கொடுக்க முடியாது. கருவியால் படலத்தைக் கலைத்த பிறகு கொடுத்தால் பலன் உண்டு. இளவயதில் வேகமாக எலும்பு கரைகிறவர்கள் போன்ற சிலருக்கு அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்த்து எழுதுவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மது அறவே கூடாது.

கடையில் வாங்கிய மாத்திரையால் வீக்கம் வடிந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று நினைத்துச் சிலர் மாதக்கணக்கில் வராமல் இருப்பார்கள். வடிந்தது வீக்கம் மட்டும்தான். பாக்கெட் அப்படியே இருக்கும், மாத்திரைக்குப் பழகிய பாக்டீரியாவோடு.

9. சுத்தம் செய்த பிறகு வரும் நாட்கள்

பல் கூச்சம் வரும். மூடியிருந்த வேர்ப்பரப்பு வெளியே வந்ததால் வருவது, சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். கூச்சத்துக்கான பேஸ்ட் உதவும். கூச்சத்துக்குப் பயந்து துலக்குவதை விட்டால் படலம் சேர்ந்து கூச்சம் நீடிக்கும். இரண்டு நாள் மிருதுவான சாப்பாடு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு போதும். புகையை இந்த நாட்களிலாவது நிறுத்துங்கள். பலர் இங்கிருந்தே முழுதாக விட்டிருக்கிறார்கள்.

10. மறுபடி அளவு

ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதற்கு வெகு முன்னால் புரோப் இறக்கினால் ஆறிக்கொண்டிருக்கும் இடம் கிழியும், அளவும் சரியாக வராது.

பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 மி.மீ.க்குள் வந்து, ரத்தமும் நின்றிருந்தால் நன்றாக ஆறியிருக்கிறது. 5 மி.மீ. அளவில் நின்று ரத்தமும் வந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி சுத்தம் செய்வார்கள். 6 மி.மீ.யும் அதற்கு மேலும் மிஞ்சினால் ஃபிளாப் சர்ஜரி பற்றிப் பேசுவார்கள். ஈறைத் திறந்து, கருவி எட்டாத ஆழத்தைக் கண்ணால் பார்த்தபடி சுத்தம் செய்து தைப்பது அது. வேர் பிரியும் கடைவாய்ப் பற்களில்தான் இது அதிகம் தேவைப்படும். கை பழகாதவருக்கு நல்ல டாக்டர் சர்ஜரியைத் தள்ளிப்போடுவார், கோபப்படாதீர்கள்.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

சுத்தம் செய்த பாக்கெட்டில் அந்தப் பழைய கூட்டம் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பச் சேர்ந்துவிடும். அதனால் எலும்பு குறைந்தவர்கள் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். ஒரு வருடம் நிலையாக இருந்தால் டாக்டர் இடைவெளியைக் கூட்டுவார். செலவு தடையாக இருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் அளவெடுத்து முறையாகச் செய்வார்கள்.

ஈறில் சீழ்க்கட்டி, காய்ச்சல், முகம் அல்லது கழுத்து வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே போங்கள். முப்பது வயதுக்குள் உங்களுக்குப் பல் ஆட ஆரம்பித்திருந்தால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப் போய் ஒருமுறை புரோப் வைத்துப் பார்த்துவிடுங்கள். இளவயதில் வரும் வேகமான ஈறு நோய் ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதுண்டு.